பைல் இல்லாமல் பட்டணம்



படுவான்கரையில் இருக்கும் எங்களுக்கு மட்டக்களப்புப் பட்டணம் போவதென்றால் ஏதாவது ஒரு காரியம் இருக்க வேண்டும். மரண அத்தாட்சிப் பத்திரம், காணி விசயம், ஆஸ்பத்திரிக் கிளினிக், பிள்ளையின் அடையாள அட்டை. பிளாஸ்ரிக் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறுவோம். காரியம் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவோம். சும்மா சுற்றிப் பார்க்க அங்கே போவது என்பது எங்கள் வீட்டில் இதுவரை நடக்காத ஒன்று.

பறுவத்தை ஒட்டி வந்த சனி, ஞாயிறில் போவதென்று முடிவெடுத்தது என் மாமிதான். நான் தயங்கினேன். புருசன் காணாமல் போனவள் பிள்ளைகளோடு உல்லாசம் போகிறாள் என்று ஊரில் கதை வரும் என்றேன். "காணாமல் போனது என்ட மகன். நானே போறன் என்கிறன், கதைக்கிறவள் என்னட்ட வந்து கதைக்கட்டும்" என்றார். மச்சாளும் மகனோடு வாறேன் என்றாள். ஆக ஆறு பேர்.

மகிழடித்தீவைக் கடக்கும்போது மாமி வழமைபோல் கண்ணை மூடிக் கும்பிட்டார். 1991 ஜூன் 12 என்ற திகதியை எங்கள் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அடுத்து மண்முனை. 2014 இல் பாலம் திறக்கும்வரை இந்தத் துறையைப் பாதையில்தான் கடந்தோம். பாதை என்றால் றோட்டு என்றே என் இளையவள் நினைத்திருக்கிறாள்! ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வரும் தட்டு அது என்று விளக்க வேண்டியிருந்தது. அது மறுகரையில் நின்றால், நோவு கண்ட பெண்ணானாலும் இக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான். இப்போது பஸ் ஒரு மூச்சில் கடந்துவிடுகிறது.

காத்தான்குடியில் இறங்கித் தொதல் வாங்கினோம். முந்தி எங்கள் பக்கத்துத் தயிரும் நெல்லும் அங்கே போகும், அங்கேயிருந்து சேலை துணி வரும். இடையில் எத்தனையோ நடந்தது. 1990 ஓகஸ்ட் 3 இல் அந்த ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மகனை இழந்த தாய்மார் வாவியின் இரண்டு கரையிலும் இருக்கிறோம். கடையில் இருந்த வயதான உம்மாவும் மாமியும் தேங்காய்ப் பால் எண்ணெய் விடும்வரை கிண்டுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டோம்.

புளியந்தீவில் முதலில் போனது கோட்டைக்கு. கோட்டை என்று யார் சொன்னது, நமக்கு அது கச்சேரி. பல வருடங்களாக மாவட்டக் கச்சேரி அதற்குள்தான் நடந்தது. அந்த மதிலுக்கு ஒரு கதை இருப்பதை மூத்தவள் பாடப் புத்தகத்தில் படித்து வைத்திருந்தாள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 மே மாதம் ஒல்லாந்தர், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள்.

"பத்து வருசம் இருக்கவா இவ்வளவு கல்ல அடுக்கினவங்கள்?" என்று மாமி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கொத்தளத்துப் பக்கம் போய், வாவியைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். மகனுக்காகக் கடிதம் கொண்டு அலைந்த காலத்தில் எத்தனையோ தரம் இந்த வாசலுக்குள் வந்தவர். "இங்கயிருந்து தண்ணி தெரியும் எண்டு இண்டைக்குத்தான் கண்டன் புள்ள" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வரும்வரை பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருந்தேன்.

மத்தியானம் பெண்கள் இருவர் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் பிட்டும் வாவி நண்டுக் கறியும். மிளகும் உள்ளியும் தூக்கலாக, நல்ல உறைப்பு. முருங்கையிலையை இன்னும் கொஞ்சம் போட்டு, இறக்கும்போது தேசிக்காய் விட்டிருக்கலாம் என்பது மாமியின் தீர்ப்பு. அதைச் சமைத்தவரிடமே போய்ச் சொல்லிவிட்டார்! முடிவில் சட்டித் தயிர் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கள் படுவான்கரையிலிருந்துதான். நம் எருமைப் பால் நமக்கு முன்பே பட்டணம் பார்த்துவிட்டது.

இரவு கல்லடியில் உறவினர் வீட்டில் தங்கினோம். 1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்கு நடந்து போனோம். பக்கத்தில் புதிய பாலம் 2013 இல் வந்தபிறகு வாகன நெரிசல் அங்கே மாறிவிட்டதால் பிள்ளைகளோடு ஆறுதலாக நிற்கலாம். மீன் பாட்டுக் கேட்பதற்கு நிலாக் காலம் வேண்டும், தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். பாட்டு மீனுடையதா, ஊரியுடையதா என்ற வாதம் பழையது. தோணிக்காரர் ஒருவர் பிள்ளைகளை ஏற்றிப் போய்த் துடுப்பைக் கொடுத்தார். மச்சாளின் மகன் கேட்டது என்று சத்தியம் பண்ணுகிறான். என் மகள்மார் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வரும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

ஞாயிறு காலை கல்லடிக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு மச்சாள் கடலுக்குக் கிட்டப் போனதில்லை. அன்றும் அவள் சவுக்கு நிழலிலேயே இருந்தாள், நாங்களும் வற்புறுத்தவில்லை. மகன் மட்டும் கால் நனைத்து வந்து அவள் மடியில் ஈரக் காலோடு ஏறி இருந்தான்.

செலவு எப்படி என்று கேட்பீர்கள். ஆறு மாதமாகச் சீட்டுக் காசில் கொஞ்சம் ஒதுக்கினோம். தங்கியது உறவு வீடு, இரவுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போன இடியப்பம். பெரிய செலவு நண்டுதான். எங்கள் சங்கத்தில் நாலு பேர் அடுத்த பறுவத்துக்குப் போக நாள் கேட்டிருக்கிறார்கள். மாமி தானும் வருவாராம், அந்தக் கடையில் முருங்கையிலை கூடியிருக்கிறதா என்று பார்க்க.