கட்டணத்திற்கு அப்பால்

விடுமுறை வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிப்பாங் விமான நிலையத்திற்குப் புறப்படுகிறோம். கோலாலம்பூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். 2012-இல் மைதெக்சி என்ற பெயரில் தொடங்கிய கிராப், ஏறும் முன்பே கட்டணத்தைக் காட்டிவிடுகிறது. டோல் மட்டும் தனி. பேரம் பேசத் தெரியாத மாணவருக்கு இது பெரும் நிம்மதி, மறுப்பதற்கில்லை.

ஆனால், நெரிசலில் கார் ஊர்ந்தாலும் காட்டிய கட்டணம் பெரும்பாலும் மாறுவதில்லை. வீணாகும் நேரமும் எண்ணெயும் ஓட்டுநர் தலையில்தான். திரும்புகையில் பயணி கிடைக்காவிட்டால் அதுவும் அவர் நட்டமே. அவர்களில் நம் அண்ணன்மாரும் உண்டு.

மலிவைத் தேடுவது தவறன்று. அழைத்துவிட்டுக் காக்க வைப்பதும், வந்தபின் ரத்துச் செய்வதுமே தவறு என்பேன். நம் நிம்மதிக்கு விலை கொடுப்பவரை மதிப்போம். சொன்ன நேரத்தில் வாசலில் நிற்போம்.