கதவிலக்கக் குழப்பம்

சென்னைவாசிகளின் விலாசத்தில் இரண்டு இலக்கங்கள் குடிகொண்டிருப்பது நேயர்கள் அறிந்த விஷயமே. "புதிய எண் 46, பழைய எண் 21" என்ற மாதிரியான பலகைகளை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாயில்தோறும் காணலாம். கார்ப்பரேஷனார் புதிதாக இலக்கமிட்டு ஆண்டுகள் பலவாகியும், பழைய இலக்கம் பத்திரங்களையும் ஜனங்களின் நாவையும் விட்டு அகலவில்லை. அடையாறு காந்தி நகரிலோ பல தெருக்களுக்கும் எண்ணே பெயராதலால், விலாசம் முழுவதும் எண்மயமாயிருக்கிறது.

இது வேடிக்கையன்று. ஒரே தெருவில் பழைய 21 ஒரு வீடு. புதிய 21 வேறொரு வீடு. நள்ளிரவில் 108 வண்டி தவறான வாயிலில் நின்றால் நேரும் நஷ்டத்தை யார் ஈடுசெய்வது?

2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூடி வரைந்துவரும் 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் கணினித் தேசப்படத்தில் இவ்வீடுகளை எவ்வாறு பதிவது? புதிய எண் மட்டும் போதும் என்பாரும், "46/21" எனக் கோடிட்டு எழுதலாம் என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா என்பது நமது அபிப்பிராயம். முன்னதால் பழைய எண்ணையே அறிந்தவர் வழியறியாது திகைப்பார். பின்னதில் எது புதிது, எது பழையது என்பது விளங்காது. அன்றியும், மனை பாகம் பிரிந்தபோது இடப்படும் "21/1" என்பதற்கும் இதற்கும் பேதம் தெரியாது.

பிராக் நகரத்து வீடுகளிலும் சிவப்புப் பலகையில் ஓர் எண்ணும் நீலப் பலகையில் ஓர் எண்ணும் உண்டு. அவ்விரண்டையும் தனித்தனியே பதிய மேற்படி படத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. நாமும் புதியதைப் புதியதென்றும், பழையதைப் பழையதென்றும் வெவ்வேறாகக் குறிப்பதே முறை.

1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் துரை அடிக்கோடு அளந்தது கம்பெனி ஆட்சியின் தேவைக்காக. 2021-இல் இந்திய சர்க்கார், இந்தியர் தேசப்படம் வரைய முன் அனுமதி பெறவேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பெரிதும் நீக்கிவிட்டது. இனி நம் தெருவை நாம் எழுதாதது நமது சோம்பலேயன்றி வேறில்லை.

ஆகவே, வாலிபர்கள் தெருவில் இறங்கிப் பலகையில் கண்டதைக் கண்டபடி பதிவார்களாக. ஊகித்தெழுதுவதும், வியாபாரப் படங்களைப் பார்த்தெழுதுவதும் கூடா. வீட்டில் வசிப்போரின் பெயரும் வேண்டாம். கார்ப்பரேஷனாரும் பழைய, புதிய இலக்கங்களின் ஒப்புப் பட்டியலை யாவரும் எடுத்தாளும்படி வெளியிடுதல் வேண்டும். வரி கேட்கும்போது வீட்டைத் தவறாது கண்டுபிடிப்பவர்கள், அவ்வழியை ஜனங்களுக்கும் காட்டுவது நியாயமல்லவா?