நம்பர் இல்லாத போலீஸ்

சென்ற வாரம் ஓமந்தூர் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "பத்திரிகையில் எழுதுகிறவர்தானே நீங்கள், இதை எழுதுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஆள் போதவில்லை. ஊரிலோ வேலையில்லாத பையன்கள் நிறைய இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பனியன், ஒரு விசில், ஒரு தடி கொடுத்தால் ராத்திரி ரோந்துக்கு ஆயிற்று. சர்க்காருக்குத் தம்பிடி செலவில்லை" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் விரும்பியபடி அல்ல.

ஆள் போதவில்லை என்பது மெய். விபத்துக்கு ஓட வேண்டும். கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். திருவிழாவுக்கும் மந்திரி வருகைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் எல்லை தாண்டி வரும் சாராயத்தையும் பிடிக்க வேண்டும். அத்தனைக்கும் அதே நாலு பேர்தான். ஆனால் எல்லாக் குறையையும் ஆள் குறையின் தலையில் கட்டிவிட முடியுமா? 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு சில போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். அங்கே குறைந்தது ஆளா, கண்ணா?

என் அனுபவம் ஒன்று. ஊரைச் சொல்லமாட்டேன். இரவு ஒன்பது மணி. சாலையில் தடுப்பு. ஒரு பையன் பாய்ந்து வந்து என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினான். காக்கிச் சட்டை இல்லை. கையில் தடி மட்டும் இருந்தது.

"தம்பி, நீ யார்?"

"போலீஸ்."

"நம்பர்?"

அவன் விழித்தான். சற்றுத் தள்ளி, ஜீப்பில் சாய்ந்திருந்த நிஜப் போலீஸ்காரர் சிரித்தார். சாவி திரும்பி வர அரை மணி ஆயிற்று.

அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. போலீஸ்காரர் மார்பில் நம்பர் எதற்கு? அடித்தால் எழுதிப் போட! அவருக்குச் சம்பளம் உண்டு, பென்ஷன் உண்டு. ஆகவே இழப்பதற்கு ஏதோ உண்டு. பனியன் பையனுக்கு என்ன உண்டு? புகார் வந்தால், "அவன் எங்கள் ஆள் இல்லை" என்று ஸ்டேஷன் சொல்லும். தடி மட்டும் ஸ்டேஷனுடையது. பழி யாருடையதும் அல்ல.

'போலீஸ் நண்பர்கள்' என்ற இயக்கம் 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கியது. போலீசுக்கும் ஜனங்களுக்கும் நடுவே இருக்கும் பயத்தைப் போக்கவே அது பிறந்தது. நல்ல எண்ணம்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் வதைபட்டு இறந்தபோது, அந்த நண்பர்களும் கூட இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தார் மறுத்தனர். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை போலீஸ்காரர்கள்மீதுதான் வந்தது. ஆயினும் அந்த ஜூலையில் சர்க்கார் இயக்கத்துக்குத் தடை விதித்தது. யார் உள்ளே இருந்தார், யார் இல்லை என்று ஊரே கேட்க வேண்டி வந்ததே, அதுவே போதாதா?

சத்தீஸ்கரில் இன்னும் தூரம் போனார்கள். பழங்குடிப் பையன்களை விசேஷப் போலீஸ் என்று சேர்த்து, மாதம் 3,000 ரூபாயும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஏழைப் பிள்ளையின் உயிரை மலிவாக வாங்கிக் காவல் நடத்தாதே என்பதே அதன் சாரம்.

நம் பக்கத்துக் கிராமத்துக்கு வருவோம். ஊர் என்று ஒரு பக்கம், காலனி என்று ஒரு பக்கம். தடி யார் கைக்குப் போகும்? வாத்தியார் ஐயா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! ஊர்ப் பையன் கைக்குத்தான் போகும். பகலில் அவனுக்கு இருக்கிற ஜாதிப் பார்வை, இரவில் விசில் ஊதியதும் போய்விடுமா? காலனிப் பிள்ளையும் ஊர்ப் பெண்ணும் பேசிக்கொண்டு நின்றால், ரோந்து எதைப் பிடிக்கும்? திருடனையா?

இந்த ஓமந்தூர் மண்ணில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். கோயில் கதவைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கும் சட்டம் 1947-இல் அவர் ஆட்சியில்தான் வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் மனம் இரங்கட்டும் என்று காத்திருக்கவில்லை; சட்டமே பேசியது. எளியவனுக்குச் சட்டம்தான் துணை. ஊர் அபிப்பிராயம் துணை அல்ல.

தொண்டர்களே கூடாதென்று நான் சொல்லவில்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் முழங்கால் தண்ணீரில் சோற்று மூட்டை சுமக்கிற பிள்ளைகளைக் கும்பிடுவேன். திருவிழாவில் காணாமல் போன குழந்தையைத் தேடட்டும். விபத்தில் விழுந்தவனைத் தூக்கட்டும். அது அண்டை வீட்டான் வேலை. சாவியைப் பிடுங்குவதும், பையைச் சோதிப்பதும், லாக்கப் வாசலில் நிற்பதும் அண்டை வீட்டான் வேலை அல்ல.

அப்படியும் ஆள் வேண்டுமென்றால், ஊர்க்காவல் படைக்கு 1963-லேயே சட்டம் போட்டிருக்கிறது. சேருங்கள், பயிற்சி கொடுங்கள், வயிறு நிறையப் படி கொடுங்கள். காலி இடங்களுக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுங்கள். செலவாகும், ஆகட்டும்! தம்பிடி செலவில்லாத காவலுக்கு யாரோ ஓர் ஏழை முதுகால் விலை கொடுப்பான்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பேரனுக்குக் காவல் செய்ய ஆசையானால், பரீட்சை எழுதச் சொல்லுங்கள். மார்பில் நம்பரோடு வரட்டும். நானே ஸ்கூட்டரை நிறுத்திச் சாவியைக் கையில் கொடுக்கிறேன்.