தூரப் பயணம் போய்வந்த பழைய ஸ்கூட்டி



சென்ற மாரிக் காலத்தில் மாவடிப்பள்ளிச் சகோதரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ராத்தா, நுண்கடன் கொம்பனியில காசு எடுத்தா வட்டி எவ்வளவு வரும்?" என்று கேட்டார். கடன் எதற்கென்று விசாரித்தபோதுதான் ஸ்கூட்டியின் கதை வெளியே வந்தது.

அவர் யுத்தத்தில் கணவரை இழந்தவர். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களையும் சாரிகளையும் எடுத்து ஊர் ஊராக விற்று, ஒரே மகளை உயர்தரம் வரை படிக்க வைத்திருக்கிறார். பலர் கை மாறி வந்த ஒரு பழைய ஸ்கூட்டிதான் அவருடைய கடை. அன்று நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவில் வரை போய் விற்றிருக்கிறார். திரும்பும் வழியெல்லாம் மழை. காரைதீவுச் சந்தியில் திரும்பி ஊருக்குள் வரும்போது வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர். வண்டி எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் உதைத்தால் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. பிறேக் பிடித்தால் வழுக்குகிறது. தள்ளிக்கொண்டு போனால் முன்பக்கம் 'கட கட' என்று ஒரு சத்தம். கராஜ் ஒன்றுக்கு அனுப்பியபோது, "எஞ்சின் இறக்கணும்" என்ற பதிலோடு ஒரு தொகையும் வந்தது. அது அவருடைய இரண்டு மாத இலாபத்தை விட அதிகம்.

நான் மெக்கானிக் அல்ல. பழைய வண்டி ஓட்டிப் பழகியவள், அவ்வளவுதான். "கடன் எடுக்கிறதுக்கு முதல் ஒருக்கா வண்டியைப் பார்ப்பம்" என்று சொல்லி அவருடைய வளவுக்குப் போனேன். அங்கே நாங்கள் பார்த்த ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால், அல்லது ஓடும்போது தண்ணீருக்குள்ளேயே நின்றுபோயிருந்தால், ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் உள்ளேயுள்ள கம்பி வளைந்துவிடும். அப்போது உண்மையிலேயே எஞ்சின் இறக்க வேண்டிவரும். இந்தச் சகோதரியின் வண்டி தண்ணீரில் நிற்கவில்லை. ஆகவே துணிந்து பார்த்தோம்.

எஞ்சினை நமது அடுப்பைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிய விறகு, நெருப்பு, காற்று மூன்றும் வேண்டும். எஞ்சினுக்குப் பெற்றோல், பிளக்கின் பொறி, காற்று. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் குறைந்திருக்கும்.

ஒயிலில் தொடங்கினோம். ஒயில் கம்பியை வெளியே எடுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தோம். ஒயில் கறுத்திருந்தாலும் கலங்கவில்லை. அது பாலூற்றிய தேநீர் போல வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் ஒயிலை மாற்றும் வரை வண்டியை ஓட்டக்கூடாது. இங்கே அப்படி இல்லை என்பதைக் கண்டவுடனேயே பாதிப் பயம் போய்விட்டது.

அடுத்தது பிளக். எஞ்சின் ஆறிய பிறகு பிளக் சாவியால் கழற்றினோம். பிளக்கின் நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூடுகிறது அல்லது காற்றுக் குறைகிறது. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. எங்களுக்குக் கிடைத்தது கரியும் ஈரமும். துடைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் காயவைத்தோம்.

பிறகு எயார் பில்டரைத் திறந்தோம். உள்ளேயிருந்த பஞ்சு பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலையில் இருந்தது. எஞ்சினுக்கு மூச்சுவிட இடமில்லை! பஞ்சு பில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, இரண்டு சொட்டு ஒயில் தடவிப் போடலாம். கடதாசி பில்டரைக் கழுவக்கூடாது. நனைந்தால் புதிதுதான் போட வேண்டும்.

கடைசியாகப் பெற்றோல். காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி, வரும் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். இதை வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, புகைபிடிப்பவர் எவரும் இருக்கக்கூடாது. பெற்றோலை விடத் தண்ணீர் கனமானது, அதனால் அடியில் தங்கும். எங்கள் போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மழைநீர் அதனால் இறங்கியிருக்கலாம். டாங்கியில் மிச்சம் இருந்தால் திரும்பவும் வருமென்பதால், இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை இதேபோல் வடித்துப் பார்க்கச் சொன்னேன்.

எல்லாவற்றையும் பூட்டி உதைத்தோம். நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சகோதரி எதுவும் பேசவில்லை. கதவடியில் நின்ற மகள்தான் கைதட்டினாள்.

ஆனால் ஸ்டார்ட் ஆகாத வண்டியை விட, நிற்காத வண்டிதான் ஆபத்தானது. பிறேக் டிரம்முக்குள் தண்ணீர் போனால் சூக்கள் வழுக்கும். ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டியபடி பிறேக்கை இலேசாக அடிக்கடி பிடித்தால் சூடு ஏறி ஈரம் காய்ந்துவிடும். பின்பிறேக் அப்படியே சரியாகிவிட்டது. முன்பிறேக்கின் பிடி ஹாண்டில் வரை போய் முட்டியது. வயரின் நட்டை அரைச் சுற்று இறுக்கி, சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். இறுக்கிய பிறகும் சில்லு தடையின்றிச் சுழல வேண்டும். நட்டை முழுதாக இறுக்கியும் பிடிக்காவிட்டால் சூ தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். டிரம்மைத் திறந்தால் உள்ளேயுள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

கடைசியில் அந்த 'கட கட' சத்தம். சத்தம் எப்போது வருகிறது என்று கவனிப்பதுதான் முக்கியம். வண்டி நிற்கும்போதும் வந்தால் எஞ்சின் பக்கமோ சைலன்சரோ. ஓடும்போது மட்டும் வந்தால் சில்லுப் பக்கம். முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம். ஆடியது. பெயாரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற எங்களிடம் கருவியில்லை. அது மெக்கானிக்கின் வேலை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. கராஜில் ஆண்கள் நடுவே நிற்கக் கூச்சப்பட்டு வண்டியைத் தம்பியிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ கொடுத்தனுப்புகிறோம். அவரும் "ஸ்டார்ட் ஆகுதில்ல" என்று மட்டும் சொல்கிறார். என்ன கோளாறென்று நாம் சொல்லாவிட்டால், எதைக் கழற்றுவதென்பதை வேறொருவர் தீர்மானிப்பார். ஆகவே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அந்தச் சகோதரி எழுதியது இது:

"காக்கா, முன்சில்லுப் பெயாரிங் ஆடுது. அதை மட்டும் மாத்துங்க. எஞ்சின் நல்லா இருக்கு, திறக்க வேணாம். வேற ஏதும் கண்டா செய்யிறதுக்கு முதல் போன் எடுங்க. கழட்டின பெயாரிங்க பையில போட்டு அனுப்புங்க."

பெயாரிங் மாற்றப்பட்டது. பழையது பையில் வந்தது. கடன் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

நம்மில் பலர் இன்னும் பழைய வண்டிகளையே நம்பியிருக்கிறோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போனது. உள்ளதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் குணமானது என்று தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 26ஆம் திகதி இதே காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தையே இழுத்துச் சென்றது. அதில் வந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரமே நிற்காத தண்ணீரில் ஸ்கூட்டி எம்மாத்திரம்? தண்ணீர் ஓடுகிறதென்றால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். சரக்கு ஒருநாள் பிந்தி வரட்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வாருங்கள்.

உங்கள் வண்டிகள் தரும் தொல்லைகளை எழுதி அனுப்புங்கள். சத்தமென்றால் எப்போது வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் டயர்களைப் பற்றிப் பேசுவோம்.