ஒளிரும் அணைவுகள்: ஒரு கலைச்சொற் கருத்துரை

தமிழ்நாட்டு மேனிலை வேதியியற் பாடநூல், நடுவண் உலோக அயனியை ஈனிகள் சூழ்ந்தமையும் பொருளை ‘அணைவுச் சேர்மம்’ என வழங்குகின்றது. நல்ல ஆக்கம், தழுவிச் சேர்தல் என்னும் பொருள் அதில் துலங்குகின்றது. ஈழத்தார் ‘சிக்கற் சேர்வை’ என்பர். அது ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றியது. நம்முடையது பொருளின் அமைப்பைப் பின்பற்றியது. ஆயினும் திருவரங்குளத்தில் தமிழ்வழி பயிலும் மாணவி ஒருத்தி, “அணைந்தது எப்படி ஒளிரும்?” என என்னிடம் வினவியபோது உடனடியாக விடையிறுக்க இயலவில்லை.

வினா வெறும் சொல் விளையாட்டன்று. இன்றைய அலைபேசித் திரைகள் பலவற்றில் ஒளிர்வன கரிம ஒளியுமிழ் டையோடுகள். 1987இல் கோடாக் நிறுவனத்தின் டாங், வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட டையோடில் ஒளிர்ந்தது அலுமினிய அணைவு. மின்னோட்டத்தால் தோன்றும் கிளர்வுநிலைகளுள் ஏறத்தாழ கால் பங்கே ஒற்றைநிலை. எஞ்சிய முக்கால் பங்கு மும்மைநிலை. அலுமினிய அணைவில் அம்முக்கால் பங்கு ஒளியாகாது வீணாயிற்று. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பிளாட்டினம், இரிடியம் ஆகிய கன உலோகங்களின் அணைவுகள் அதனையும் ஒளியாக்கின. ஆனால் இரிடிய அணைவுகள் தம்முள் நெருங்கின் ஒளி குன்றும். ஆதலின் அவற்றை வேறொரு கரிமப் பொருளில் சிறு விழுக்காடே கலப்பர். இதனைத் தமிழில் எழுதுக: ‘அணைவுகள் நெருங்கின் ஒளி அணைவு மிகும்.’ ஒரே தொடரில் ஒரே சொல், ஒன்றற்கொன்று பகையான இரு பொருளில் நிற்கின்றது. ‘அணைப்பு’ எனப் பிறவினையாக்கினும் தழுவல் பொருள் விடாது தொடரும்.

சிலர் ‘அணைவு’ என்பதையே மாற்றுக என்பர். அதனை நான் ஏற்கவில்லை. பல்லாயிரம் மாணவர் நாவில் பழகிய சொல் அது. நன்னூலார் வகுத்த குழூஉக்குறிபோல் ஒரு துறையாரிடை நிலைபெற்றுவிட்டது. மாற்ற வேண்டியது மற்றைய சொல்லே. எங்கள் ஊர்ப்பக்கம் விளக்கை ‘அணை’ என வீட்டுப் பெண்டிர் கூறார். ‘குளிர வை’ என்பர். மங்கல வழக்கிற்கு இலக்கண ஆசிரியர் காட்டும் எடுத்துக்காட்டும் அதுவே. எனினும் வெப்பநிலை பேசும் நூலில் குளிர்தல் வேறு குழப்பம் விளைக்கும். எஞ்சுவது ‘அவிதல்’. விளக்கவிதல் பழந்தமிழ் வழக்கு. நெல் அவித்தலோடு மயங்குமே எனின், ஒளியியற் பக்கத்தில் நெல்லுக்கு இடமில்லை. எனவே ‘ஒளியவிவு’ என்பது என் பரிந்துரை.

‘நின்றொளிர்தல்’ குறித்தும் எனக்கு ஐயமுண்டு. இரிடிய அணைவில் அந்த ‘நின்று’ ஒரு சில மைக்ரோ நொடியே. அது தனிக் கட்டுரைக்குரியது. ‘ஒளியவிவு’ தகுமா என்பதை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து கேட்டபின்னரே தமிழ்த்துறையினர் முடிவு செய்தல் வேண்டும். நம் கலைச்சொற் குழுக்களில் இவ்விரு துறையினரும் ஒருங்கிருப்பது அரிதாகவே உள்ளது.