ஆறு ஜன்னல், ஒரு மணி நேரம், லாபம் பூஜ்ஜியம்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் ஒரே கூச்சல்தான். குடும்பச் சண்டை என்று பயப்படாதீர்கள், டிவியில் விவாதம் :-)

ஒரு சின்னக் கணக்கு. (பி.காம்காரனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்?) ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 15 நிமிஷம் போகட்டும். நெறியாளருக்கு 9. மிச்சம் 36ஐ ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஆறு நிமிஷம். அதிலும் பாதி "நீங்க பேசும்போது நான் குறுக்கே பேசினேனா?" என்பதிலேயே கரைந்துவிடும். மூணு நிமிஷத்தில் என்னத்தைத் தெரிந்துகொள்வது?

சும்மா பொழுதுபோக்குதானே, விட்டுத்தொலை என்கிறீர்களா? விட முடியாது. காரணம் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது யார், யார் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள் என்று நாள்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது செம்பரம்பாக்கம் தண்ணீரால் இல்லை சாமி! அந்த உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவதே இவற்றுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். இங்கே புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அந்த ஏரிகளின் பெயர் எத்தனை விவாதத்தில் வந்தது? ஏரியைப் பற்றிப் பேசினால் வாய்க்கால் எங்கே, அதை அடைத்தது யார், மனைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று தோண்ட வேண்டும். அதில் எந்தக் கட்சிக்காரரும் தப்ப மாட்டார்.

தோண்ட நிருபர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், ஆவணம் தேட மாதக்கணக்கில் நேரம் வேண்டும். ஆறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது அதைவிட மலிவு. விஷயம் அவ்வளவுதான்.

எல்லாத் தரப்பும் பேசுவதுதானே ஜனநாயகம் என்பார்கள். எல்லோரும் பேசலாம், ஆனால் ஒருத்தராவது பதில் சொல்ல வேண்டாமா? அமெரிக்காவில் 1947ல் தொடங்கிய 'மீட் தி பிரஸ்' இன்றும் ஞாயிறு காலையில் வருகிறது. 1991 முதல் 2008ல் இறக்கும்வரை அதை நடத்திய டிம் ரஸ்ஸர்ட், விருந்தாளி எப்போதோ சொன்னதைத் திரையில் போட்டுக் காட்டி, "அன்று இப்படிச் சொன்னீர்களே?" என்பார். தப்பிக்க இடம் கிடையாது. அமெரிக்கா வரை ஏன்? தொண்ணூறுகளில் சன் டிவியில் ரபி பெர்னார்ட் 'நேருக்கு நேர்' நடத்தினாரே, எதிரில் ஒரே ஆள்தான். (அவரே பிற்பாடு அதிமுக எம்.பி. ஆனது தனிக்கதை.)

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாற்றுக்குப் பொறுப்பான ஒரே ஒருத்தரை உட்கார வையுங்கள். ஆதனூர் ஏரியின் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் அவர் முன்னால் விரியுங்கள். ஒரு மணி நேரம் கேளுங்கள்.

அந்த நிகழ்ச்சியை முடிச்சூரே உட்கார்ந்து பார்க்கும், விளம்பரம் உட்பட.