பத்தாயிரத்தில் ஒன்று

புதன், சனி, ஞாயிறு வந்தால் புக்கிட் காத்தில் முதல் துரியான் துங்கால் வரை நம் மக்களின் பேச்சில் நாலு நம்பர் புகுந்துவிடுகிறது. கனவில் வந்ததும், விபத்தில் சிக்கிய காரின் எண்ணும் ஆசையாகி நம்பர் கடைக்குப் போகின்றன. 1969இல் மெக்னம் நிறுவனம் தொடங்கிய இந்த விளையாட்டின் கணக்கில் ஒளிவுமறைவு இல்லை. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் 23 பரிசுகள். முதல் பரிசுக்கான வாய்ப்பு 1/10,000. ஏதாவது ஒரு பரிசுக்கான வாய்ப்பு 23/10,000, அதாவது ஏறக்குறைய 435இல் ஒன்று. பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அத்தனை பரிசுகளையும் சேர்த்தாலும் நம் வாய்ப்பு ஒரு முந்திரி அளவைக்கூட எட்டவில்லை.

பணத்தையும் இதேபோல் பின்னத்தால் அளக்கலாம். ‘பெரிய’ பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் மூன்று பரிசுகள் 2,500, 1,000, 500 வெள்ளி; அடுத்து 180 வெள்ளிப் பரிசு பத்து, 60 வெள்ளிப் பரிசு பத்து. பத்தாயிரம் எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் திரும்புவது 6,400 வெள்ளிதான். கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 36 காசு போய்விடுகிறது. வாரம் மூன்று குலுக்கல் என்று ஒரே எண்ணை விடாமல் எடுத்தால் 10,000 குலுக்கல் முடிய 64 ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகும் முதல் பரிசு ஒருமுறைகூட விழாமல் போவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல்.

‘யாருக்காவது விழத்தானே செய்கிறது?’ என்பார்கள். விழுகிறது, அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவுகிறது. விழாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பின்னத்தின் தொகுதி மட்டும் காதில் விழ, பகுதி மறைந்துபோகிறது. ‘நெடுநாள் வராத எண் இனி வந்தே தீரும்’ என்பதும் தவறு. குலுக்கும் பந்துகளுக்கு நேற்றைய முடிவு நினைவில் இருக்காது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதே 1/10,000. ‘ஒரு வெள்ளியில் கொஞ்சம் நம்பிக்கை வாங்குகிறோம்’ என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால், வாங்கும் பொருளின் அளவு வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னத்தை நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலேயே படிக்கிறார்கள். நிகழ்தகவு இரண்டாம் படிவத்தில் வருகிறது. நாணயம், பகடையோடு நிற்காமல் இந்தக் கணக்கையும் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். இது சூதாட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதாகாதா என்று பெற்றோர் அஞ்சலாம். நம்பர் எடுப்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கிறார்கள். பார்க்காதது அதன் பகுதியைத்தான். கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை வாசிக்கப் பழகிய பிள்ளை, நாளை சம்பளப் பணத்தோடு அந்தக் கடையைக் கடக்கும்போது தானே கணக்குப் போட்டு முடிவெடுக்கும்.